ஆவுடையப்பன் ஒட்டிய சீட்டுகள்

"எனக்கு எப்போ?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

கையில் கரண்டியோடு நின்று கேட்டார். சாதாரணக் கரண்டியல்ல. ஐந்நூறு பேருக்கான சாம்பாரைக் கிண்டுகிற, துடுப்பு மாதிரியான கரண்டி. அதை ஊன்றிக்கொண்டு அவர் நின்ற நிற்பைப் பார்த்தால், குருவிடம் கேள்வி கேட்க வந்த சீடர் மாதிரி இல்லை. தோணியை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் படகுக்காரர் மாதிரி இருந்தது.

குரு வடிவம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"எது எப்போ, அண்ணாச்சி?"

"எனக்குள்ள சொல்லு."

மணலோடை மடத்தில் பூசை கிடையாது, பாடம் கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஒரே ஒரு சொல். தேடி வந்தவர் பக்குவப்பட்டார் என்று குருவுக்குத் தோன்றும் நாளில், கூப்பிட்டுக் காதோடு சொல்வார். ஆளுக்கு ஒரு சொல். ஒருவருக்கு உரியது இன்னொருவருக்கு ஆகாது. வாங்கியவர் அதை வெளியே சொல்லவும் கூடாது.

அந்தச் சொல் சும்மா இல்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிற சாமியார் ஒருவர் மடத்தில் இருந்தார். அவர் தன் சொல்லை வாங்கிய மறுநாள் தேனீக்கள் வந்து அவர் தாடியில் கூடு கட்டின. ஒன்றுகூட அவரைக் கொட்டவில்லை. அவரும் ஒன்றைக்கூட அடிக்கவில்லை. ஆறு மாதம் மடத்துக்கு வெளியே தேன் வாங்கவே இல்லை.

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்து முப்பத்தொரு வருடம். வந்த அன்றைக்குப் பழைய குரு அவரை ஏற இறங்கப் பார்த்து, "போய் அடுப்பைப் பாரு" என்றார். பார்க்கப் போனவர்தான்.

பழைய குரு போய்ச் சேர்ந்தார். அந்த இடத்தில் வடிவம்மை அமர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இருபத்திரண்டு வயதில் ஒரு துணிப்பையோடு இதே வாசலில் வந்து நின்றவர்தான் வடிவம்மை. அன்றைக்கு அவருக்கு முதல் சோறு போட்டது ஆவுடையப்பன். இப்போது அம்மைக்கு நாற்பத்தைந்து. இவருக்கு அறுபத்துமூன்று.

"பால்கார சுடலைக்குச் சொல்லியாச்சு," என்றார் ஆவுடையப்பன். "பால்ல ஆத்தையே திருப்பி விடுத பய அவன். காய் நறுக்குத கோமுவுக்குச் சொல்லியாச்சு. போன மாசம் பல்லு வலின்னு ரெண்டே ரெண்டு நாள் படுத்துக் கிடந்துட்டுப் போனாரே பஸ் கண்டக்டரு, அவருக்கும் சொல்லியாச்சு. அத்தனை பேருக்கும் சோறு போட்ட நான் அடுப்படியிலேயே கிடக்கேன். எனக்கு எப்போ?"

"அண்ணாச்சி," என்றார் வடிவம்மை, "அடுப்படியை இடிக்கப் போறோம்."

இதுதான் பதில்.

அடுப்படியை இடிக்க வேண்டியதுதான். அதில் ஆவுடையப்பனுக்கே சந்தேகம் இல்லை. உத்திரத்தைக் கரையான் தின்று முடித்துப் பதினைந்து வருடம் ஆகிறது. கூரை நின்றது மரத்தின் பலத்தில் அல்ல. முப்பத்தொரு வருடத் தாளிப்பில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கின் பலத்தில். போன வாரம் ஒரு ஓடு கழன்று நேரே ரசத்தில் விழுந்தது. ஆவுடையப்பன் அதை எடுத்துப் போட்டுவிட்டு ரசத்தைப் பரிமாறினார். அன்றைக்கு ரசம் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஓட்டை மறுபடி ரசத்தில் போட்டுப் பார்க்கலாமா என்றுகூட அவருக்கு ஒரு யோசனை இருந்தது.

கொத்தனார் தாவீது வந்தார். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார். பார்த்த நிலையிலேயே பின்பக்கமாக நடந்து வெளியே போய்விட்டார். மீதிப் பேச்சை வாசலில் நின்றுதான் பேசினார்.

"நாப்பது நாளு வேலை. உள்ள ஒரு கரண்டிகூட இருக்கப்பிடாது. எல்லாத்தையும் கட்டி வெளியே எடுங்க."

"எடுக்க மாட்டேன்," என்றார் ஆவுடையப்பன்.

"எடுக்காட்டி, உம்மளையும் சேத்துல்லா இடிக்க வேண்டியிருக்கும்?"

"இடிச்சுக்கிடும்வே."

தாவீது வடிவம்மையைப் பார்த்தார். வடிவம்மை ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் கூரையைப் பார்த்தார். கூரையிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.

மறுநாள் காலையில் அவர் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அண்டா, உருளி, அம்மி எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவி வாழைச்சருகில் பொதிந்தார். கரண்டிகளை விறகுக்கட்டு மாதிரி சணல் போட்டு இறுக்கினார். ஊறுகாய் ஜாடிகளுக்கு வெள்ளைத் துணியில் வேடு கட்டி, வைக்கோல் பரப்பிய கூடைகளில் உட்கார வைத்தார். தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினார். செருகியதைப் பிரிக்க இரண்டு பயில்வான்கள் வேண்டும், அது வேறு கதை.

ஆனால் டின்களில் மட்டும் யாரையும் கைவைக்க விடவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு டின்கள். எதிலும் வெளியே போட்டிருப்பது உள்ளே இருக்காது. பிஸ்கட் டின்னில் பெருங்காயம். பால் பவுடர் டின்னில் மிளகாய்ப் பொடி. பெயிண்ட் டின்னில் முந்திரி.

காரணத்தோடு ஆரம்பித்ததுதான். உலகத்தைத் துறந்து வருகிறவர்களுக்கு எல்லா ஆசையும் வாசலிலேயே விட்டுப்போகும். இனிப்பு மட்டும் கூடவே உள்ளே வந்துவிடும். ஆவுடையப்பன் வந்த புதிதில் வெல்லம் வாரத்துக்கு ஒரு மூட்டை காணாமல் போனது. வெல்ல டின்னில் 'எலி மருந்து' என்று எழுதி, மண்டையோடும் வரைந்து வைத்தார். அப்படியும் இரண்டு சாமியார்கள் எடுத்துத் தின்றார்கள். மரணபயத்தைக் கடந்தவர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பெயர் மாறி, தட்டு மாறி, கடைசியில் எதில் என்ன இருக்கிறது என்பது ஆவுடையப்பனுக்கு மட்டும்தான் தெரியும் என்றாகிவிட்டது. அவர் இல்லாமல் அந்த மடத்தில் ஒரு தம்ளர் மோரைத் தாளிக்க முடியாது. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளும் மடத்தில் எல்லோரும் வாழைப்பழம் தின்றுவிட்டுத் தியானத்தில் இருந்தார்கள். வேறு வழியில்லை.

முப்பத்தொரு வருடத்தில் அவருக்கு அங்கே கிடைத்த ஒரே பதவி அதுதான்.

"டின்னையெல்லாம் தியானக் கூடத்துல அடுக்கிருங்க," என்றார் வடிவம்மை. "எதுல என்ன இருக்குன்னு சீட்டு எழுதி ஒட்டிருங்க."

"எதுக்கு?"

"எடுக்கணும்லா?"

"எடுக்கத்தான் நான் இருக்கேன்லா."

"இடம் மாறுதே, அண்ணாச்சி."

"இடம்தானே மாறுது. என் மூக்கு மாறலையே."

"எழுத மாட்டீங்களா?"

"மாட்டேன்."

வடிவம்மை ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் பேசாமல் இருந்தால் அது மௌனம். வடிவம்மை பேசாமல் இருந்தால் அது எதிராளியின் சட்டையைப் பிடித்து உலுக்குவது மாதிரி. ஆவுடையப்பன் தாங்கிப் பார்த்தார். முடியவில்லை.

"ஒண்ணு செய்யலாம்," என்றார். "நான் நூத்திப் பன்னெண்டு சொல்லு எழுதித் தாரேன். நீங்க எனக்கு ஒரே ஒரு சொல்லு தாங்க."

கூடத்தில் இருந்தவர்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. அந்த மடத்தில் அதுவரை யாரும் சொல்லுக்குப் பேரம் பேசியதில்லை. கோமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபத்தில் குரு கண்ணைத் திறந்தால் சாம்பலாகிப் போனவர்கள் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும். அண்ணாச்சி எந்தப் பக்கமாகச் சாம்பலாகி விழுவார் என்று பார்த்து, கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"சரி," என்றார் வடிவம்மை.

ஆவுடையப்பன் ஒரு வாரச் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். இப்போது அந்தச் சண்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

மத்தியானம் மைதாவில் பசை காய்ச்சினார். பழைய காலண்டர் தாள்களைச் சதுரம் சதுரமாகக் கிழித்தார். டின்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எழுதி ஒட்ட ஆரம்பித்தார்.

உப்பு. சீனி. ரவை.

மூன்று டின்களுக்கு உள்ளதை உள்ளபடி ஒட்டினார். நான்காவதில் கை நின்றது.

கோமுவை நினைத்துக்கொண்டார். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இந்தச் சீட்டுகளை வாசிப்பாள். புது அடுப்படி வரும். வெள்ளை டைல்ஸ் வரும். கோமு கையை நீட்டி, வாசித்து, எடுத்து, தாளிப்பாள். அதற்கப்புறம் ஆவுடையப்பன் எதற்கு?

ஒட்டிய மூன்றையும் உரித்தெடுத்தார்.

உப்பு டின்னில் 'சீனி' என்று ஒட்டினார். சீனி டின்னில் 'ரவை'. ரவை டின்னில் 'கடுகு'. இப்படி ஒவ்வொன்றிலும் அதற்கு அடுத்ததன் பெயர். நூற்றுப் பன்னிரண்டாவது டின்னில் 'உப்பு' என்று ஒட்டி வளையத்தை முடித்தார். அவருக்கு ஒரு சிரமமும் இல்லை; எதற்கு அடுத்தது எது என்ற வரிசை அவர் தலைக்குள் இருந்தது. மற்றவர்களுக்கு அது நூற்றுப் பன்னிரண்டு பொய்.

எழுத்து மட்டும் மணி மணியாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் வடிவம்மை வந்தார். தியானக் கூடத்தின் ஒரு மூலை முழுக்க ஆளுயரத்துக்கு டின்கள். ஒவ்வொரு சீட்டையும் நிதானமாக வாசித்துக்கொண்டே நடந்தார். ஒரு டின்னின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஆவுடையப்பனுக்கு முதுகில் வேர்த்தது.

கடைசிச் சீட்டையும் வாசித்தபின் வடிவம்மை திரும்பினார். கிட்ட வரச் சொல்லிக் கை காட்டினார். ஆவுடையப்பன் குனிந்தார்.

காதில் அந்தச் சொல் விழுந்தது.

என்ன சொல் என்று கேட்கக் கூடாது. சின்னச் சொல்தான். சந்தையில் நாளெல்லாம் புழங்குகிற சொல்தான்.

ஆவுடையப்பன் கூடத்தை விட்டு வெளியே வந்தார். ஆற்றை நோக்கி நடந்தார். அன்றைக்கு அவர் நடந்துபோன மணலில் கால்தடமே விழவில்லை என்று சுடலை இன்றைக்கும் சத்தியம் செய்வான். சுடலையின் சத்தியமும் அவன் பால் மாதிரிதான். பாதி நிச்சயம் பால்.

மூன்று முழுக்குப் போட்டார். முப்பத்தொரு வருடப் புகையும் தண்ணீரோடு போனது மாதிரி இருந்தது. கரையேறித் தலையைத் துவட்டினார்.

துவட்டும்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

'ஏன் உடனே சரின்னாங்க?'

துண்டு தலையிலேயே நின்றது.

'முப்பத்தொரு வருஷம் தராதது, ஒரு நாள்ல எப்படி வந்துது? வாயை அடைக்க ஏதோ ஒண்ணைச் சொல்லியிருப்பாங்களோ? ஒருவேளை எனக்கு அடுத்தவனோட சொல்லை என் காதுல ஒட்டியிருந்தா?'

இப்படியொரு சந்தேகம் உலகத்தில் வேறு எந்தச் சீடனுக்கும் வந்திருக்காது. நூற்றுப் பன்னிரண்டு சீட்டு மாற்றி ஒட்டியவருக்குத்தான் வரும்.

ஈரத்துண்டோடு சுடலையைத் தேடிப் போனார். சுடலை பால்கேனோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தான்.

"வே சுடலை, நில்லும். உமக்கு அம்மை என்ன சொல்லு சொன்னாங்க?"

"அதைக் கேக்கப்பிடாதே, அண்ணாச்சி."

"கேக்கேன்."

"சொன்னா நாக்கு அழுகிப்போகும்லா?"

"உம்ம பாலைக் குடிச்சே எங்க நாக்கு அழுகலை. சும்மா சொல்லும்."

"மாட்டேன்."

"முதல் எழுத்தை மட்டும் சொல்லும்."

"நீங்க உங்களதுல கடைசி எழுத்தைச் சொல்லுங்க, பாப்போம்."

நடு ரோட்டில் கால் மணி நேரம் இப்படி நின்றார்கள். பின்னால் வந்த மாட்டுவண்டி காத்து நின்று, மாடு படுத்துத் தூங்கியும் விட்டது. இரண்டு பேரும் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

கோமுவிடம் வேறு மாதிரி கேட்டார்.

"ஏ கோமு, உனக்குச் சொன்ன சொல்லு உனக்குச் சரியா இருக்கா?"

"அது என்ன செருப்பா அண்ணாச்சி, அளவு பாத்து வாங்க?" என்றாள் கோமு.

அடுப்படியை இடித்தார்கள். பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, அங்கே சமையல் நடந்தது. ஆவுடையப்பன் கூடத்துக்குப் போய், சீட்டைப் பார்த்து, வரிசையைப் பின்னால் எண்ணி, வேண்டியதை எடுத்து வந்து சமைத்தார். ஒருநாள்கூட ருசி தப்பவில்லை. கோமு ஏதாவது எடுத்துவரட்டுமா என்று கேட்டால், "நீ கத்திரிக்காயைப் பாரு" என்பார்.

அந்தச் சொல்தான் அவருக்குள் ஒட்டாமல் கிடந்தது. காலையில் எழுந்ததும் சொல்லிப் பார்ப்பார். உலை கொதிக்கும்போது சொல்லிப் பார்ப்பார். சொல்லும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்: 'இது உன்னதா?' அது வடிவம்மையின் குரல் இல்லை. அவர் குரலேதான்.

சொல் இல்லாமல் முப்பத்தொரு வருடம் தூங்கியிருக்கிறார். சொல் வந்த பிறகு தூக்கம் போயிற்று.

சொல் வாங்கிய இருபதாம் நாள் காலையில் வடிவம்மையின் முன் போய் நின்றார்.

"அம்மா, நீங்க எனக்குச் சொன்ன சொல்லு, எனக்குள்ளதுதானா?"

வடிவம்மை அவர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன சமையல், அண்ணாச்சி?"

ஆவுடையப்பனுக்கு உச்சந்தலையில் எண்ணெய் கொதித்தது.

"சமையலா? இன்னைக்குச் சமையலே கிடையாது!" கையிலிருந்த பெரிய கரண்டியை அம்மையின் காலடியில் வைத்தார். வைத்தார் என்று சொல்வது மரியாதைக்காக. "இன்னைக்குப் பழைய குரு போய்ச் சேர்ந்த நாளு. நாப்பது பேரு வாராங்க. நீங்க உண்மையைச் சொல்லுத வரைக்கும் நான் கரண்டியைத் தொட மாட்டேன். பாக்கலாம்!"

"சரி," என்றார் வடிவம்மை. திரும்பி, "கோமு, இன்னைக்கு நீ சமை," என்றார்.

ஆவுடையப்பன் சிரித்தார். வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். நேரே போய், டின்களுக்குப் பின்னால் இருந்த சந்தில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். இன்னும் அரைமணி நேரத்தில் கூப்பிட வருவார்கள். உடனே எழுந்திருக்கக் கூடாது. இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் புரண்டு படுக்க வேண்டும்.

கோமு வந்தாள். டின்னை எடுத்தாள். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பிறகு கூடத்தின் மறுகோடியில் வடிவம்மை இருக்கும் இடத்துக்கு அவள் நடந்து போகிற சத்தம்.

"அம்மா, இதுல மஞ்சப்பொடின்னு எழுதியிருக்கு. பாத்தா செவப்பா இருக்கு."

"அண்ணாச்சி எழுதியிருக்காங்களா?"

"ஆமா."

"அப்ப மஞ்சப்பொடிதான். போடு."

ஆவுடையப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

சற்று நேரத்தில் கோமு மறுபடி வந்தாள்.

"அம்மா, புளின்னு எழுதியிருக்கு. உள்ள பேரீச்சம்பழம்."

"கரைச்சு ஊத்து."

"ரசத்துக்கும்மா!"

"அண்ணாச்சி புளின்னு எழுதியிருந்தா புளிதான்."

மூன்றாம் முறை கோமு ஓடியே வந்தாள்.

"இது அநியாயம்மா! துவரம்பருப்புன்னு எழுதியிருக்கு. காப்பித்தூளும்மா இது! நீங்களே மோந்து பாருங்க!"

"வேக வை."

"காப்பித்தூளையா?"

"துவரம்பருப்பை."

சாக்கில் படுத்திருந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'கோமு, அதுல இல்ல, இதுல இருக்கு.' வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் நூற்றுப் பன்னிரண்டும் வெளியே வரும். பல்லைக் கடித்துக்கொண்டார்.

'பாக்கலாம். இலையில விழட்டும். அப்ப தெரியும்.'

நான்காம் முறை கோமுவின் குரல் உடைந்திருந்தது.

"சீனின்னு எழுதியிருக்கும்மா. நாக்குல வச்சா கரிக்கி. பாயசத்துக்கு ஒரு படி வேணும். என்னம்மா செய்ய?"

"ஒரு படியும் போடு. குறைக்காதே."

பந்தி கூடத்திலேயே விரித்தார்கள். சுடலை வந்தான். தாவீது கை கால் கழுவிக்கொண்டு வந்தார். பல்வலிக் கண்டக்டர்கூட லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நாற்பது பேர். பழைய குருவின் பெயரால் முதல் உருண்டையைக் காக்கைக்கு வைத்தார்கள். காக்கை ஒரு வாய் கொத்தியது. பிறகு தன் சொந்தபந்தங்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு ஊரை விட்டே போனது. இப்போதும் மணலோடையில் காக்கை கிடையாது.

வடிவம்மை வந்து உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் பழமும் மோரும் குடு, கோமு. எனக்கு மட்டும் இலை போட்டுப் பரிமாறு."

"வேண்டாம்மா."

"பரிமாறு."

கோமு பரிமாறினாள். சாம்பார் என்ற பெயரில் கறுப்பாக ஒன்று இலையில் ஓடியது. வடிவம்மை பிசைந்தார். சாப்பிட்டார். மென்று, விழுங்கி, அடுத்த வாய் எடுத்தார். அவசரப்படவில்லை. முகம் சுளிக்கவில்லை. நாற்பது பேர் கையில் உரித்த பழத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கடிக்கவில்லை.

டின்களின் இடுக்கு வழியாக ஆவுடையப்பனும் பார்த்தார்.

ரசத்தை ஊற்றினார்கள். சாப்பிட்டார். தொண்டை ஒருமுறை மேலே எழும்பிக் கீழே இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"பாயசம்," என்றார் வடிவம்மை.

கோமு அழுதுகொண்டே ஒரு தம்ளர் கொடுத்தாள். வடிவம்மை குடித்தார். கண்ணில் நீர் முட்டியது. தம்ளரைக் கீழே வைத்தார். சற்று மூச்சு வாங்கினார்.

"இன்னும் கொஞ்சம்."

இரண்டாவது தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குடித்து முடித்தபின் உடம்பு ஒருமுறை முன்னால் வளைந்து குமட்டியது. வடிவம்மை வாயை இறுக மூடி, அதையும் உள்ளேயே விழுங்கினார்.

"இன்னும் கொஞ்சம்."

டின்கள் சரிந்தன. நூற்றுப் பன்னிரண்டும் கூடம் முழுக்க உருண்டு ஓட, அவற்றின் நடுவிலிருந்து ஆவுடையப்பன் பாய்ந்து வந்தார்.

"துப்புங்கம்மா! அது உப்பு!"

"சீனி," என்றார் வடிவம்மை. குரல் கரகரத்தது.

"உப்பும்மா! நான்தான் மாத்தி ஒட்டினேன். எல்லாமே பொய்யி! நூத்திப் பன்னெண்டும் பொய்யி! இங்க ஒரு டின்னுகூட நிஜமில்ல!"

"உங்க கையெழுத்துதானே அண்ணாச்சி?"

"கையெழுத்து என்னதுதான். அதுக்காக..."

"கோமு, ஊத்து."

ஆவுடையப்பன் பாயசத் தூக்குவாளியைப் பிடுங்கி, அதன் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"ஊத்த விட மாட்டேன். நீங்க குருவா இருங்க, யாரா வேணாலும் இருங்க. ஒரு சொட்டு ஊத்த விட மாட்டேன். இந்தக் கையாலதான் உங்களுக்கு முதல் சோறு போட்டேன். இதே கையால விஷம் மாதிரி..." வாளியை மார்போடு கட்டிக்கொண்டு நின்றார். சூடான பாயசம் சட்டையை நனைத்தது.

கூடத்தில் ஏதோ ஒரு டின் மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. அதுவும் தாவீதின் காலில் இடித்து நின்றது.

அந்த நிலையிலும் ஆவுடையப்பனுக்குப் பழைய சந்தேகம் தாங்கவில்லை. கேட்டேவிட்டார்.

"அப்ப, எனக்குச் சொன்னீங்களே அந்தச் சொல்லு... அதுவாவது நிஜமாம்மா?"

வடிவம்மை புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். உதடுகள் உப்பில் வெடித்திருந்தன.

"அதைச் சொன்னது யாரு, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வாளியை மெதுவாகத் தரையில் வைத்தார். வாளியின் வாயிலிருந்து கையை எடுத்தார். வடிவம்மைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏ கோமு," என்றார், "எனக்கும் ஒரு இலை போடு."